பரணில் கிடக்கும் வானிலைக் கருவியை மறுபடி ஓடவைக்க

"உங்க பக்கம் மழையா?" ஆடி, ஆவணி மாதச் சாயங்காலங்களில் வேலூரில் போனை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சத்துவாச்சாரியில் கால்வாய் நிரம்பித் தெருவில் ஓடும் அளவுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். காட்பாடியில் இருப்பவர், மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்கிறது என்பார். மறுநாள் செய்தித்தாளில் வேலூருக்கு என்று ஒரே ஓர் எண் வரும். அது வானிலைத் துறையின் மழைமானி இருக்கும் இடத்தில் பெய்த மழை. நம் தெருவில் எவ்வளவு பெய்தது என்று தெரிய வேண்டுமானால் நம் வீட்டில் ஒரு மழைமானி இருந்தால்தான் உண்டு.

அந்த மழைமானி பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, பரணில். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பாவோ ஜெர்மனியிலிருந்து வந்த அக்காவோ வாங்கி வந்த வீட்டு வானிலை நிலையம். வந்த புதிதில் மாடியில் மாட்டி இரண்டு கோடை பார்த்திருப்பார்கள். ஒரு நாள் திரையில் எண்களுக்குப் பதில் வெறும் கோடுகள் வந்திருக்கும். கழற்றிப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றியதோடு சரி. எங்கள் வீட்டுக் கருவியும் அப்படித்தான் ஆறு வருடம் கிடந்தது. அதை ஓடவைத்த பிறகு, தெரிந்தவர்கள் வீடுகளில் இன்னும் நான்கைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். ஐந்தில் ஒன்றில்தான் ஒரு பாகம் நிஜமாகவே செத்துப்போயிருந்தது. மற்றவற்றில் எல்லாம் செல் கசிவு, களிம்பேறிய முனைகள், குளவிக் கூடு, வெயிலில் இற்றுப்போன ஒயர். இவ்வளவுதான். எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், மின் இணைப்பைச் சோதிக்கும் ஒரு மல்டிமீட்டரும் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா உணரியும் (சென்சார்) சரியாகவில்லை, ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் மழைமானியைக் காப்பாற்றுங்கள். வெப்பநிலை ஊருக்கெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். காற்று நம் வீட்டு மாடிகளில் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் மோதித் திசை மாறித்தான் வந்து சேரும். மழைக் கணக்கு மட்டும் உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடைக்காது.

வேலையைத் தொடங்க நல்ல காலம் மாசி, பங்குனி. மழை இல்லை, வெயிலும் இன்னும் உச்சிக்கு வரவில்லை. கத்திரி தொடங்கிவிட்டால் காலை ஒன்பது மணிக்கு மேல் வேலூர் மாடியில் நின்று ஸ்க்ரூ முடுக்க முடியாது. பங்குனிக்குள் சரிசெய்துவிட்டால் சித்திரையில் வரும் கோடை மழையையே எண்ணிவிடலாம்.

பெட்டியைத் திறந்ததும்

எல்லாவற்றையும் எடுத்துப் பழைய செய்தித்தாளின் மேல் பரப்புங்கள். பொதுவாக இவை இருக்கும்: வீட்டுக்குள் வைக்கும் திரைப் பெட்டி, மூன்று கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி, வால் போன்ற காற்றுத்திசை காட்டி, புனல் வைத்த மழைமானி, அடுக்கடுக்கான வெள்ளைத் தட்டுகளுக்குள் இருக்கும் வெப்ப, ஈரப்பத உணரி. காற்றழுத்தமானி தனியாக இருக்காது, பெரும்பாலும் திரைப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். எதையும் கழற்றுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்தத் துளையில் போனது என்பது மறுநாள் நினைவிருக்காது.

பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதை இணையத்தில் தேடினால் கையேடு கிடைக்கும். சீனாவின் ஃபைன் ஆஃப்செட் போன்ற ஒரே தொழிற்சாலை செய்யும் கருவியைப் பல நிறுவனங்கள் தங்கள் பெயர் போட்டு விற்கின்றன. அதனால் உங்கள் பிராண்டுக்குப் பாகம் கிடைக்காவிட்டாலும், படத்தில் அச்சு அசலாக இருக்கும் இன்னொரு பிராண்டின் பாகம் பொருந்த வாய்ப்பு அதிகம்.

அடாப்டரைச் சாக்கெட்டில் செருகுவதற்கு முன்னால் அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்க மின்சாரத்துக்கானது, நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். எங்கள் வீட்டுக் கருவியின் அடாப்டர் அப்படித்தான் போனது. நல்ல வேளை, திரைப் பெட்டி தப்பித்தது. வெளியே வரும் வோல்ட்டும், பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு போனால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பொருத்தமானதைத் தருவார்கள்.

செல் கசிவு

பழைய கருவி ஓடாததற்கு முதல் காரணம் உள்ளேயே விட்டுப்போன பென்சில் செல்கள்தான். செல் வைக்கும் அறையைத் திறந்ததும் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ தெரிந்தால் கையால் தொடாதீர்கள், கண்ணருகில் கொண்டுபோகாதீர்கள். உலர்ந்த பழைய பல்துலக்கும் பிரஷால் பொடியைத் தட்டிவிடுங்கள். கசிந்தது ஆல்கலைன் செல் என்றால் கசிவு காரத்தன்மை உடையது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தொட்டுத் துடைத்தால் லேசாக நுரைத்துக் கழன்று வரும். சாதாரண ஜிங்க் கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தொட வேண்டும். எந்த முறையானாலும், கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் பலகையைக் கழுவ இதைத்தான் வைத்திருப்பார்கள், கேட்டால் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். கறுத்துப்போன ஸ்பிரிங்கை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் மறுபடி பளபளக்கும். ஸ்பிரிங் அரித்து ஒடிந்திருந்தால் பழைய ரிமோட்டிலிருந்து ஒன்றைப் பிய்த்து வைத்துச் சால்டர் செய்துகொள்ளலாம்.

புதிய செல் போடும்போது ரீசார்ஜ் செல்லைத் தவிருங்கள். அது ஒன்று 1.2 வோல்ட்தான் தரும், சாதாரண செல் 1.5 தரும். இரண்டு செல் போடும் இடத்தில் மூன்றுக்குப் பதில் 2.4 வோல்ட் கிடைத்தால் சில உணரிகள் விழிக்கவே விழிக்காது, சில இரவில் மட்டும் தூங்கிவிடும். மாடியில் இருக்கும் பகுதிக்கு நல்ல ஆல்கலைன் செல் போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். தீர்ந்த செல்தான் அதிகம் கசியும்.

மேசையில் பேசவைத்தல்

மாடிக்குக் கொண்டுபோகும் முன் எல்லாவற்றையும் ஒரே மேசையில், இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் வைத்துப் பாருங்கள். முதலில் வெளி உணரிக்குச் செல் போடுங்கள், அப்புறம் திரைப் பெட்டிக்கு. பெரும்பாலான கருவிகளுக்கு இந்த வரிசைதான். திரைப் பெட்டி உயிர் பெற்றதும் சில நிமிடங்கள் உணரியைத் தேடும். அந்த நேரத்தில் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். பொறுமை இல்லாமல் அழுத்தினால் தேடல் நின்றுபோகும், மறுபடி செல்லைக் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜோடி சேராவிட்டால் உணரியில் ஊசியால் குத்தும் சிறு ரீசெட் துளை இருக்கிறதா பாருங்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்த கருவியின் கடிகாரம் ஜெர்மனியிலிருந்து ஒலிபரப்பாகும் நேரச் சைகையைத் தேடிக்கொண்டே இருக்கும். அமெரிக்கக் கருவி அந்த நாட்டுச் சைகையைத் தேடும். இரண்டும் வேலூருக்கு எட்டாது. அந்த வசதியை அணைத்துவிட்டுக் கையால் நேரத்தை வையுங்கள். தப்பான நேரத்தில் பதிவான மழைக் கணக்கு பின்னால் எதற்கும் ஒத்துவராது.

மழைமானி

இதற்கு மட்டும் ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

புனலைக் கழற்றினால் உள்ளே குழந்தைகள் விளையாடும் சீசாப் பலகை போல இரட்டைக் கிண்ணம் ஒன்று தெரியும். ஒரு பக்கக் கிண்ணத்தில் குறிப்பிட்ட அளவு தண்ணீர் சேர்ந்ததும் அது சாய்ந்து கொட்டும், மறுபக்கம் மேலே வரும். ஒவ்வொரு சாய்வின்போதும் அதில் ஒட்டியிருக்கும் சிறு காந்தம், ரீட் சுவிட்ச் என்ற கண்ணாடிக் குழாய்ச் சுவிட்சைக் கடந்து போகும். ஒரு துடிப்பு எண்ணப்படும். ஒரு சாய்வு என்பது கருவியைப் பொறுத்து 0.2 அல்லது ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் மழை. அவ்வளவு எளிமையான ஏற்பாடு, அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் பிழைக்கிறது.

நம்மூரில் இதைக் கெடுப்பவை மூன்று. குளவி புனல் துளையில் மண்கூடு கட்டும். சிலந்தி கிண்ணத்துக்கும் சுவருக்கும் நடுவில் வலை கட்டும், ஒரே ஓர் இழை போதும், கிண்ணம் சாயாது. மூன்றாவது புழுதி. காய்ந்த பாலாற்று மணல் காற்றில் வந்து, முதல் மழையில் சேறாகி, அச்சில் உட்கார்ந்துவிடும். எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, மெல்லிய பிரஷால் கழுவுங்கள். ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள். கிண்ணத்தின் உட்புறம் கீறல் விழுந்தால் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அச்சுக்கு எண்ணெய் விட வேண்டாம். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால் அடுத்த வாரமே புழுதி பசை போல ஒட்டும்.

அடுத்து ரீட் சுவிட்ச். மல்டிமீட்டரைப் பீப் ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, மழைமானியிலிருந்து வரும் ஒயரின் இரண்டு முனைகளைத் தொட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கையால் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு குட்டிப் பீப் வர வேண்டும். வரவில்லையென்றால் உடனே சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள். பழைய லேண்ட்லைன் போன் ஒயரின் முனையில் இருக்குமே, அதே கிளிப் முனைதான் இதிலும் பெரும்பாலும் இருக்கும். அதன் பித்தளைப் பற்கள் களிம்பேறியிருக்கும். ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் பாதி நோய் அங்கேயே தீரும். அப்படியும் வராவிட்டால் ஒயரை விரல்களுக்கிடையில் உருவிப் பாருங்கள். வெயிலில் காய்ந்து பிளாஸ்டிக் பொடியாக உதிரும் இடத்தில்தான் உள்ளே செம்பு அறுந்திருக்கும். கடைசிச் சந்தேகம்தான் சுவிட்சின் மேல். புதிய ரீட் சுவிட்ச் விலை மிகக் குறைவு. உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் நிச்சயம் கிடைக்கும். கால்களை வளைக்கும்போது கண்ணாடி விரியாமல், மூக்குக் குறடால் அடியில் பிடித்துக்கொண்டு வளையுங்கள்.

பீப் வந்துவிட்டது. இப்போது அது சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: புனல் வாயின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எடுத்துப் பத்தால் வகுத்தால், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை மி.லி. தண்ணீர் என்று வந்துவிடும். வாய் வட்டமாக, 16 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 201. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 20 மி.லி. வாய் நீள்சதுரமாக 11 க்கு 5 செ.மீ. என்றால் பரப்பு 55, ஒரு மில்லிமீட்டருக்கு 5.5 மி.லி. விளிம்பின் உள் அளவை எடுங்கள், வெளி அளவை அல்ல.

பத்து மில்லிமீட்டர் மழைக்கான தண்ணீரை அளந்து, மெதுவாக விட வேண்டும். மடமடவென்று ஊற்றினால் கிண்ணம் சாய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வழிந்து கணக்கு தப்பும். மெதுவாக விட எத்தனையோ வழி பார்த்தேன். கடைசியில் கைகொடுத்தது நம் ஊரில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் ட்ரிப்ஸ் குழாய். சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊரில் இதற்குப் பஞ்சமா! புதியதாக ஒன்று வாங்கி, ஊசியை வாங்காமல், அதன் கூர்முனையைத் தண்ணீர் பாட்டில் மூடியில் குத்திச் செருகுங்கள். பாட்டிலின் அடியில் காற்றுப் போக ஓர் ஓட்டை போட்டுத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். சக்கரத்தைத் திருகி, முழுத் தண்ணீரும் இறங்க அரை மணி நேரம் ஆகும்படி வையுங்கள். அளப்பதற்கும் மருந்துக் கடைச் சிரிஞ்சே போதும். மழைமானி ஆடாமல் மட்டமாக நிற்க வேண்டும். கொத்தனார் ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் போனில் மட்டம் பார்க்கும் வசதியே போதும்.

திரையில் 9.5 முதல் 10.5 வரை காட்டினால் விட்டுவிடலாம். எட்டு காட்டினால் குறைவாக எண்ணுகிறது. கிண்ணங்களின் அடியில் இரண்டு சிறு திருகுகள் இருந்தால் இரண்டையும் ஒரே அளவு மேலே ஏற்றுங்கள். கிண்ணம் இன்னும் குறைந்த தண்ணீரிலேயே சாயும், எண்ணிக்கை கூடும். அதிகமாகக் காட்டினால் இறக்குங்கள். கால் திருப்புக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். விலை குறைந்த கருவிகளில் திருகு இருக்காது. அப்போது பத்தை, திரை காட்டிய எண்ணால் வகுத்து வரும் பெருக்கலை மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். எட்டு காட்டினால் பெருக்கல் 1.25.

இவ்வளவு செய்தும் நம் சாயங்கால இடிமழையில் இது கொஞ்சம் குறைத்துத்தான் எண்ணும். கொட்டுகிற மழையில் கிண்ணம் சாயும் அந்தக் கணநேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. அதனால் பக்கத்திலேயே நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவையும் வையுங்கள். அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலம் இருந்தால் போதும். மழை விட்டதும் ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் எந்தப் பக்கம் தப்பு என்று தேடத் தொடங்கலாம்.

காற்றும் திசையும்

காற்றுமானிக் கிண்ணங்களை வாயால் மெதுவாக ஊதினாலே சுழல வேண்டும். கரகரவென்று ஓசை வந்தால் பேரிங்கில் புழுதி. கிண்ணத்தைக் கழற்றி, அச்சில் இரண்டு துளி ஆல்கஹால் விட்டுச் சுழற்றிச் சுழற்றித் துடையுங்கள். இங்கேயும் எண்ணெய் வேண்டாம். சோதனை மழைமானிக்குச் செய்த அதே பீப்தான். திசைகாட்டிக்கு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். எண் படிப்படியாக மாறிக்கொண்டே இருந்தால் உள்ளே நன்றாக இருக்கிறது.

திசைகாட்டியின் வடக்குக் குறியை உண்மையான வடக்குக்கு வைப்பது எல்லாரும் அவசரமாக முடிக்கும் வேலை. போன் திசைகாட்டி இரும்புக் குழாய் பக்கத்தில் போனாலே தடுமாறும், மாடியின் கான்கிரீட்டுக்குள் கம்பி வேறு. நிழலை நம்புங்கள். தூக்குக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அதன் நிழலைச் சாக்பீஸால் வரைந்தால் அது சரியான வடக்கு தெற்குக் கோடு. வேலூருக்கு உச்சி நேரம் பன்னிரண்டு மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே 79 டிகிரியில் இருக்கிறோம். அதனால் சராசரியாக 12.13 க்குத்தான் உச்சி. நவம்பர் தொடக்கத்தில் 11.57 க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.28 ஆகிவிடும். இன்னொன்று: ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவதால் நிழலே இருக்காது, அந்த வாரங்களில் இந்த முறை உதவாது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல்லைப் பார்த்தவர்களுக்கு நிழலால் நாள்பொழுதை அளப்பது புதிதாக இருக்காது. அடுத்த முறை போனால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

வெப்பம், ஈரப்பதம்

வெள்ளைத் தட்டு அடுக்கைப் பிரித்துக் கழுவுங்கள், உள்ளே இருக்கும் உணரியில் தண்ணீர் படக் கூடாது. பழுப்பேறிய தட்டு வெயிலை உறிஞ்சும், அதன் வெளிப்புறத்துக்கு வெள்ளைப் பெயின்ட் ஒரு கை அடிக்கலாம்.

ஈரப்பத உணரியைச் சோதிக்கச் சமையலறை உப்பு போதும். பாட்டில் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமணல் போல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதையும் உணரியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக மூடி, வெயில் படாத அறையில் இரவு முழுக்க வையுங்கள். அந்த டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது உப்பின் இயல்பு. காலையில் உணரி 71 காட்டினால் நான்கு சேர்த்துப் படியுங்கள். பத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் உணரி கிழடாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

வெப்பநிலையை ஒப்பிட ஒரு நல்ல தெர்மாமீட்டரை அதன் பக்கத்தில் நிழலில் வைத்து, விடியற்காலை ஐந்து மணிக்குப் பாருங்கள். வெயிலின் குழப்பம் இல்லாத நேரம் அது. பகல் இரண்டு மணிக்கு ஒப்பிட்டால் கருவியின் பிழையும் மாடியின் சூடும் கலந்துவிடும்.

காற்றழுத்தம்

வேலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 215 மீட்டர் உயரம். அதனால் கருவி நேரடியாக அளக்கும் அழுத்தம், கடல் மட்ட அளவைவிட ஏறத்தாழ 24 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவாக இருக்கும். 986 காட்டினால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அமைப்புகளில் சார்பு அழுத்தம் (Relative) என்ற இடத்தில் வானிலைத் துறை வேலூருக்குக் காட்டும் கடல் மட்ட அழுத்தத்தைப் பார்த்து அதே நேரத்தில் வையுங்கள். ஏலகிரியில் வீடு என்றால் 1,100 மீட்டர் உயரத்துக்கு வித்தியாசம் 120 வரை போகும்.

உணரி உயிரோடு இருக்கிறதா என்று அறிய அழகான வழி ஒன்று உண்டு. நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடலின் நீர்மட்டம் போல ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சம், விடியற்காலை நான்குக்கும் மாலை நான்குக்கும் பள்ளம். பகல் ஏற்ற இறக்கம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இருக்கும். இரண்டு நாள் எழுதிப் பார்த்து இந்த அலை தெரிந்தால் உணரி நன்றாக இருக்கிறது.

திரையில் வரும் சூரியன், மேகம், மழைப் படங்களை மட்டும் நம்பாதீர்கள். அவை அழுத்தம் பெரிதாக ஏறி இறங்கும் குளிர்நாட்டு வானிலைக்காகச் செய்தவை. நம் மாலை நேர இறக்கத்தைப் பார்த்து தினமும் மேகப் படம் போடும். ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்து வரும் நிஜ மழையை அது முன்கூட்டிச் சொல்லாது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நெருங்கும்போது மட்டும் அழுத்த எண்ணைக் கவனியுங்கள். அப்போது இந்தத் தினசரி அலையையும் தாண்டி ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே போகும்.

எங்கே மாட்டுவது

மழைமானிக்குத் திறந்த இடம் வேண்டும். பக்கத்தில் சுவரோ மரமோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால், மழைமானி வாய்க்கு மேலே அது எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். காக்காவும் மைனாவும் விளிம்பில் உட்கார்ந்து எச்சமிட்டுப் புனலை அடைக்கும். விளிம்பைச் சுற்றி ஏழெட்டுக் கேபிள் டை கட்டி, வால்களை வெட்டாமல் மேல்நோக்கி நிறுத்திவிட்டால் பறவை உட்காராது.

வெப்ப உணரியை மொட்டை மாடித் தளத்தருகே வைத்தால் நீங்கள் அளப்பது கான்கிரீட்டின் சூட்டை. தரையில் மண்ணும் செடியும் உள்ள தோட்டம் இருந்தால் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் அங்கே மாட்டுங்கள். மாடிதான் கதி என்றால் தளத்திலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே, ஏசி வெளிப்பெட்டியின் காற்று படாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுமானி எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. ஜிஐ பைப்பைக் கைப்பிடிச் சுவரில் இரண்டு இடத்தில் க்ளாம்ப் போட்டு நிறுத்தலாம். ஈபி சர்வீஸ் பைப்பில் கட்டவே கட்டாதீர்கள். பைப்பைத் தூக்கும்போது மேலே எந்த ஒயர் போகிறது என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், விழுந்தாலும் ஒயரை எட்டாத தூரம் வேண்டும். இடி கேட்கத் தொடங்கிவிட்டால், கருவி என்ன காட்டினாலும் சரி, மாடிக்குப் போகக் கூடாது. மழை நின்று இடியும் அடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரைப் பெட்டி செத்துவிட்டால்

நான் பார்த்த ஐந்தில் செத்திருந்த அந்த ஒன்று இதுதான். திரை எரிந்துவிட்டது, மாடி உணரிகள் நன்றாக இருந்தன. பழைய கருவிகள் பலவும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெளிப்படையாகவே எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். ரேடியோ அலையை வாங்கும் ஆர்டிஎல் எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி டாங்கிளைக் கம்ப்யூட்டரில் செருகி, ஆர்டிஎல் 433 என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் நூற்றுக்கணக்கான வகை உணரிகளின் பேச்சை அது பிரித்துச் சொல்லும். தொடர்ந்து பதிவு செய்ய ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கம்ப்யூட்டரில் வீவெக்ஸ் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

குறித்து வைப்பது

கருவி பதிவு செய்தாலும் ஒரு நோட்டு போடுங்கள். இந்திய வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததை ஒரு நாள் மழை என்று கணக்கிடுகிறது. நீங்களும் அதே நேரத்தில் படித்தால்தான் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அதை மழை நாள் என்பார்கள், 64.5 க்கு மேல் போனால் கனமழை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏறக்குறைய 93 லிட்டர் தண்ணீர். மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைப் பெருக்கிப் பார்த்தால், எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வழிந்து தெருவுக்குப் போனது என்பது தெரிந்துவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியபோது, எங்கள் தெருவில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று என்னிடம் கணக்கு இல்லை. கருவி பரணில் இருந்தது. அந்த வருத்தத்தில்தான் அடுத்த பங்குனியில் அதைக் கீழே இறக்கினேன்.

நோட்டில் நான்கு கட்டங்கள் போதும்: தேதி, கருவி காட்டிய மழை, டப்பாவில் அளந்த மழை, குறிப்பு. மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, செல் மாற்றிய நாள், புனலில் எறும்பு இருந்த நாள், எல்லாம் குறிப்பில் போகட்டும். மழை பெய்யாத நாளுக்கு 0 என்று எழுதுங்கள். கருவி ஓடாத நாளுக்கும் ஊரில் இல்லாத நாளுக்கும் 0 போடாதீர்கள், கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.